சூப்பர்மேனின் பாடபேதங்கள்

1978-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘சூப்பர்மேன்’ திரைப்படம் அந்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது ஒன்று. லேசர் ஒளியால் படிக்கப்பட்டு வீட்டுத் தொலைக்காட்சியில் திரைப்படம் காட்டும் வட்டத் தகடுகள் அட்லாண்டா நகரத்தில் முதன்முதலாக விற்பனைக்கு வைக்கப்பட்டது மற்றொன்று. ஒரு சித்திரக்கதை நாயகனின் படத்துக்கும் ஒரு புதிய யந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அதற்குப் பின்வந்த முப்பது வருஷ காலத்தில், அந்தப் படத்தின் சரித்திரமும் அதன் இரண்டாம் பாகத்தின் சரித்திரமும் வீட்டில் படம் பார்க்கும் வழக்கத்தோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்டன என்பதையும், அந்தப் பின்னலிலிருந்து சாமானிய ரசிகன் எப்படி ஒரு பதிப்பாசிரியனாக உருவெடுத்தான் என்பதையும் பார்க்கும்போது, காமிக்ஸ், சினிமா, வீட்டுத் திரை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்வது அவ்வளவு பொருத்தமில்லை என்றே தோன்றுகிறது.

சித்திரக்கதை வாசகனுக்கு ஆதியிலிருந்தே ஒரு சுதந்திரம் உண்டு. காலம் அவன் கையில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவன் வேண்டுமட்டும் நின்று பார்க்கலாம். முன் பக்கத்துக்குத் திரும்பி, அங்கே நாயகன் அணிந்திருந்த சட்டை இங்கே ஏன் மாறிற்று என்று ஓவியனைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பழைய இதழை எடுத்துப் புதிய இதழின் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சினிமாக் கொட்டகையில் இருப்பவனுக்கோ இவற்றில் ஒன்றும் கிடையாது. படம் தன் வேகத்தில் ஓடும். அவன் அதைப் பின்தொடர வேண்டும். வெளியே வந்தபின் ஞாபகம் ஒன்றே அவனுக்குச் சாட்சி. ஆகவே ஒரே படத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தாலும், அவற்றுக்கிடையே உள்ள பேதத்தைச் சாதாரண ரசிகன் நிரூபிக்க முடியாதிருந்தது. இந்த நிலைமை மாறிய விதத்தையே இங்கே பேச உத்தேசம்.

சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் பிறப்பே ஒரு கைமாற்றத்தில் தொடங்குகிறது. ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜெர்ரி சீகல் என்ற எழுத்தாளரும் ஜோ ஷூஸ்டர் என்ற ஓவியரும், பத்திரிகைகள் பல முறை நிராகரித்த தங்கள் கதையை, பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் பதின்மூன்று பக்கங்களுக்கு 130 டாலர் பெற்றுக்கொண்டு, அதன் சகல உரிமைகளோடும் விற்றுவிட்டார்கள். 1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அது வெளிவந்தது. அந்த முதல் கதையில் சூப்பர்மேன் பறக்கவில்லை. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுகிறான், அவ்வளவுதான். அவனுடைய பலத்தை ஒடுக்கும் கிரிப்டோனைட் என்னும் கல் காமிக்ஸில் தோன்றுவதற்கு முன்பே 1943-இல் வானொலி நாடகத்தில் தோன்றிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் பெரி ஒயிட், இளம் உதவியாளன் ஜிம்மி ஆல்சன் முதலிய பாத்திரங்களும் வானொலியின் கொடையே. ஆக, ‘மூலக் காமிக்ஸில் இப்படி இல்லையே’ என்று சினிமாவைக் கண்டிக்கும் தூய்மைவாத ரசிகர்கள், தாங்கள் மூலம் என்று கொண்டாடும் பொருளே பல கரங்கள் தொட்டு உருவானது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதுமட்டுமன்று. காமிக்ஸ் உலகம் தன்னுடைய முரண்பாடுகளைத் தானே சாஸ்திரமாக்கிக்கொண்ட உலகம். 1961-இல் ‘ஃபிளாஷ்’ பத்திரிகையின் 123-ஆம் இதழில், 1940-களின் ஃபிளாஷ் வேறொரு பூமியில் வாழ்கிறான் என்று கதையெழுதி, இரண்டு பூமிகள் உண்டென்ற ஏற்பாட்டை, சூப்பர்மேனையும் ஃபிளாஷையும் வெளியிட்டுவந்த நிறுவனத்தார் கொண்டுவந்தார்கள். அதன்பின் பழைய சூப்பர்மேன் ஒரு பூமியிலும் புதிய சூப்பர்மேன் மற்றொரு பூமியிலுமாக இரண்டு பேர் ஆயினர். திரைப்படம் வெளிவந்த அதே 1978-ஆம் ஆண்டில், பழைய பூமியின் சூப்பர்மேனுக்கும் அவன் காதலி லோயிஸ் லேனுக்கும் திருமணம் நடந்த கதையை ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ வெளியிட்டது. புதிய பூமியில் அவர்கள் பிரம்மசாரியும் கன்னியுமாகவே இருந்தனர். இரண்டும் மெய், இரண்டும் செல்லும் என்று ஒப்புக்கொண்டு படிக்கப் பழகிய வாசகக் கூட்டம்தான் பிற்காலத்தில் ஒரே திரைப்படத்தின் இரண்டு வடிவங்களைக் கண்டு மயங்காமல் நின்றது.

இனி அந்தத் திரைப்படத்துக்கு வருவோம். தயாரிப்பாளர்களான அலெக்சாண்டர் சால்கைன்டும் அவர் மகன் இல்யாவும் ஏற்கெனவே ஒரு விசேஷமான கீர்த்தி பெற்றவர்கள். ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ என்ற டூமாவின் நாவலை ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டு படமாக்கியபோது, ஒரே படத்துக்கென்று சம்பளம் பேசி நடிகர்களை நடிக்கவைத்துவிட்டு, அதை 1973-இல் ஒன்றும் 1974-இல் ஒன்றுமாக இரண்டு படங்களாக வெளியிட்டார்கள். நடிகர்கள் வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவாக, எத்தனை படங்களுக்கு நடிக்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஷரத்து ஹாலிவுட் ஒப்பந்தங்களில் இடம்பெற்று, இன்றுவரை அது சால்கைன்ட் பெயராலேயே வழங்குகிறது. ‘சூப்பர்மேன்’ விஷயத்தில் அவர்கள் மறைக்கவில்லை. இரண்டு பாகங்களையும் ஒரே சமயத்தில் எடுப்பதென்று பகிரங்கமாகவே தீர்மானித்தார்கள். 1977-இல் இங்கிலாந்தில் படப்பிடிப்பு தொடங்கிற்று. சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல் ஆகச் சில காட்சிகளில் மாத்திரம் தோன்றும் மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலரும் வசூலில் ஒரு பங்கும் பேசப்பட்டது.

செலவும் காலமும் எல்லை மீறின. டானருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் பேச்சுவார்த்தையே அற்றுப்போன நிலையில், இடையில் நின்று செய்தி சொல்ல முன்சொன்ன லெஸ்டரே அழைக்கப்பட்டார். இரண்டாம் பாகத்தை நிறுத்திவைத்து முதற்பாகத்தை முடிப்பதென்று முடிவாயிற்று. அப்போது நடந்த ஒரு மாற்றத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சூப்பர்மேன் உலகைப் பின்னோக்கிச் சுழற்றிக் காலத்தை மீட்பது இரண்டாம் பாகத்தின் முடிவாக எழுதப்பட்டிருந்தது. முதற்பாகம், அவன் விண்வெளிக்கு எறிந்த ஏவுகணையால் மூன்று கொடியவர்களின் சிறை உடைவதோடு முடியவேண்டும். இரண்டாவது பாகம் வருமோ வராதோ என்ற பயத்தில், அந்தப் பெரிய முடிவை எடுத்து முதற்பாகத்துக்கே வைத்துவிட்டார்கள்.

படம் அமோக வெற்றி பெற்றது. வெற்றிக்குப் பரிசாக டானர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியை அவர் முன்பே படமாக்கியிருந்தும், லெஸ்டரை அமர்த்தி மீதியை எடுத்தும், எடுத்தவற்றில் பலவற்றை மறுபடி எடுத்தும், லெஸ்டர் பெயரிலேயே 1980-இன் இறுதியில் சில நாடுகளிலும் 1981-இல் அமெரிக்காவிலும் வெளியிட்டார்கள். வசூலில் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் பிராண்டோவின் காட்சிகள் அடியோடு நீக்கப்பட்டு, தாய் லாராவாக நடித்த சூசன்னா யார்க்கை வைத்து ஈடு செய்யப்பட்டது. வில்லன் லெக்ஸ் லூத்தராக நடித்த ஜீன் ஹேக்மன் மறு படப்பிடிப்புக்கு வர மறுத்துவிட்டார். ஆகவே இப்படத்தில் ஹேக்மனின் முகம் தெரியும் இடமெல்லாம் டானர் எடுத்தது, அவருடைய முதுகும் வேறொருவர் குரலும் மாத்திரம் வரும் இடங்கள் பின்னால் சேர்த்தவை. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த் 1978-லேயே காலமாகிவிட்டதால் படத்தின் நிறமும் ஒளியும் இடத்துக்கிடம் மாறுகின்றன. லோயிஸாக நடித்த மார்கோ கிடரின் முகம் ஒரு காட்சியில் செழுமையாகவும் அடுத்ததில் மெலிந்தும் காண்கிறது.

இவற்றையெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்தவன் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடித்தாலும் உறுதிப்படுத்த முடியாது. ஆனால் அதற்குள் சாதனம் மாறிவிட்டது. ஸோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975-லும், ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் அதற்கு அடுத்த ஆண்டிலும் சந்தைக்கு வந்தன. தொலைக்காட்சியில் வருவதை வீட்டிலேயே பதிவு செய்துகொள்வது திருட்டு என்று யூனிவர்சல், டிஸ்னி ஆகிய இரண்டு ஸ்டூடியோக்களும் ஸோனியின் மீது 1976-இல் தொடுத்த வழக்கு, ஏழு வருஷத்துக்கு மேல் நடந்து, 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழை வித்தியாசத்தில் ரசிகனுக்குச் சாதகமாக முடிந்தது. பின்னால் வேறொரு வேளையில் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமாகாது என்பதே தீர்ப்பின் சாரம். அந்த ஒரு நீதிபதியின் அபிப்பிராயம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

ஏனெனில், தொலைக்காட்சியில் வந்தது கொட்டகையில் வந்த படம் அன்று. 1982 பிப்ரவரியில் ஏபிசி நிறுவனம் முதற்பாகத்தை இரண்டு இரவுகளில் ஒளிபரப்பியபோது, 143 நிமிஷப் படம் மூன்று மணி நேரத்தை எட்டியிருந்தது. தொலைக்காட்சியார் நிமிஷக் கணக்கில் பணம் கொடுத்ததால், தயாரிப்பாளர்கள் கழித்துப்போட்ட துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து நீட்டினார்கள் என்று அப்படத்தின் சரித்திரம் எழுதியோர் கூறுவர். நோக்கம் லோபத்தனமானதுதான்; பலனோ ரசிகனுக்குப் புதையலாயிற்று. இரண்டாம் பாகமும் 1984-இல் இவ்வாறே நீண்டு வந்தது. வேறு நாடுகளின் ஒளிபரப்புகளில் வேறு சில காட்சிகள் வந்தன. இவற்றைப் பதிவு செய்து வைத்திருந்த ரசிகர்கள், நாடாக்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு, எந்தக் காட்சி எந்தப் பிரதியில் உண்டு, எதில் இல்லை என்று குறித்து, துண்டுகளை ஒட்டித் தாங்களே ஒரு முழுப் பிரதியைத் தொகுக்கவும் முற்பட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் ஊர் ஊராக ஏடு தேடி, பிரதிக்குப் பிரதி பாடபேதங்களைக் குறித்து, எது மூலம் எது இடைச்செருகல் என்று நிதானித்த முறையையே, தாம் இன்னது செய்கிறோம் என்று அறியாமலே அந்த ரசிகர்கள் கையாண்டார்கள். ஏட்டுக்குப் பதில் நாடா. எழுத்தின் உருவத்துக்குப் பதில் ஒளியின் நிறமும் நடிகையின் கன்னமும். இதற்குப் பிரதியைக் கைவசம் வைத்திருப்பது அவசியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக்கையும் கேசட்டுகளையும் ஒரே இரவுக்கு வாடகைக்கு எடுத்துவந்து, தெருவே கூடியிருந்து, விடிவதற்குள் மூன்று படங்களைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த நம் தலைமுறைக்கு ஆனந்தம் கிடைத்தது. ஒப்புநோக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

அந்நாளைய வீட்டுத் திரையிலும் குறைபாடு உண்டு. அகலத் திரைக்கென்று எடுத்த படத்தைச் சதுரமான தொலைக்காட்சிப் பெட்டியில் அடைப்பதற்காக இருபுறமும் வெட்டிக் கொடுத்தார்கள். காமிக்ஸ் புத்தகத்தில் பக்கத்தின் ஓரத்தைக் கத்தரித்து விற்றால் எந்த வாசகனும் பணத்தைத் திருப்பிக் கேட்பான். நாடா விஷயத்தில் ஜனங்கள் பல வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தது ஆச்சரியமே. லேசர் தகடு இதற்குப் பரிகாரம் தேடியதோடு, படத்துக்கு உரையும் சேர்த்துத் தந்தது. கிரைட்டீரியன் நிறுவனம் 1984-இல் ‘கிங் காங்’ படத்தை வெளியிட்ட தகட்டில் ரொனால்டு ஹேவர் என்ற ஆய்வாளர் படத்தோடு கூடவே பேசிச் செல்லும் உரையும் இருந்தது. மூலமும் உரையும் ஒரே ஏட்டில் வந்ததுபோலாயிற்று. 1997-இல் அமெரிக்காவுக்கு வந்த டிவிடி இந்த வழக்கத்தை மலிவாக்கி, நீக்கிய காட்சிகளையும் உரையையும் எல்லோர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது.

பிரதிகளை ஒப்பிட்ட ரசிகர்களின் பல்லாண்டு வேண்டுகோளுக்கு 2006-இல் பலன் கிட்டியது. அவ்வாண்டு வெளிவந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்காகப் பிராண்டோவின் பழைய காட்சிகளைப் பயன்படுத்த அவருடைய வாரிசுகளோடு உடன்பாடு ஏற்பட்டிருந்தது. அந்த வழியாக, மைக்கேல் தாவ் என்ற தொகுப்பாளரின் பிரயத்தனத்தால், நவம்பரில் ‘சூப்பர்மேன் 2: ரிச்சர்ட் டானர் தொகுப்பு’ டிவிடியாக வெளிவந்தது. லெஸ்டரின் படம் 127 நிமிஷம். இது 116 நிமிஷம்.

இதன் ஆரம்பமே காமிக்ஸ் ரசிகனைக் கவரும். லோயிஸ், பத்திரிகையில் அச்சான சூப்பர்மேனின் படத்தின் மேல் பேனாவால் ஒரு தொப்பியும் கண்ணாடியும் கோட்டும் வரைந்து பார்க்கிறாள். சூப்பர்மேனின் மறுவேடமான கிளார்க் கென்ட் வெளிப்படுகிறான். சித்திரக்கதையில் பிறந்த ரகசியத்தைச் சித்திரத்தாலேயே உடைப்பதைவிட உசிதமான உபாயம் வேறில்லை. லெஸ்டரின் படத்தில் ஐபல் கோபுரத்தில் பயங்கரவாதிகள் வெடிகுண்டு வைக்கும் நீண்ட ஆரம்பம் இதற்கு ஈடாகாது. அடுத்து, பிராண்டோ திரும்பியதால் கதையில் ஓர் ஓட்டை அடைபடுகிறது. காதலுக்காகச் சக்தியைத் துறந்த சூப்பர்மேன் அதை எப்படித் திரும்பப் பெற்றான் என்பதற்கு லெஸ்டரின் படத்தில், பச்சைப் படிகம் ஒன்றை அவன் எடுக்கிறான் என்பதற்கு மேல் விளக்கமே கிடையாது. டானரின் தொகுப்பிலோ தந்தையின் உருவம் தன்னில் எஞ்சிய சக்தியனைத்தையும் மகனுக்குக் கொடுத்து, இனி என்றும் தோன்றாமல் மறைகிறது. வசூல் பங்கை மிச்சம்பிடிக்க வேண்டி நீக்கப்பட்டது இரண்டு பாகங்களுக்கும் ஆதாரமான தந்தை மகன் உறவு என்பது இங்கேதான் விளங்குகிறது.

இருந்தாலும் இதை மூலபாடம் என்று நான் ஒப்பமாட்டேன். டானர் எடுக்காமல் விட்ட இடங்களை லெஸ்டர் எடுத்தவற்றைக் கொண்டே நிரப்பியிருக்கிறார்கள். லோயிஸ் துப்பாக்கியால் சுட்டு, அதில் குண்டே இல்லை என்று பின்னர் சொல்லி, கிளார்க்கை ஒப்புக்கொள்ளவைக்கும் அருமையான காட்சி படப்பிடிப்பில் எடுத்ததே அன்று; நடிகர் தேர்வுக்காக வெவ்வேறு சமயங்களில் எடுத்த இரண்டு பரீட்சைத் துண்டுகளை ஒட்டியது. ஆகவே உடற்பயிற்சிக்கு முந்திய ஒல்லியான கிறிஸ்டோபர் ரீவும் பிந்திய ரீவும் ஒரே அறையில் மாறி மாறி நிற்கிறார்கள். முடிவு அதைவிடச் சங்கடம். உலகைப் பின்னோக்கிச் சுழற்றும் அந்தப் பழைய முடிவை முதற்பாகத்துக்கு எடுத்துக்கொண்டாகிவிட்டது. இங்கும் அதையே வைத்தால் இரண்டு படங்களும் ஒரே முடிவோடு நிற்கின்றன. போதாக்குறைக்கு, நடந்தவையெல்லாம் நடவாதவை ஆனபிறகு, சக்தியிழந்திருந்தபோது தன்னை உணவகத்தில் அடித்தவனைத் தேடிப்போய்ச் சூப்பர்மேன் பழி வாங்குகிறான். அந்த மனிதன் இந்தப் புதிய காலத்தில் அவனை அடித்ததே இல்லை! டானரே 1979-இல் படத்தை முடித்திருந்தால் வேறு முடிவு கண்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. எழுதி முடியாத நூலுக்குக் கிடைத்த குறிப்பேடு இது. குறிப்பேட்டின் மதிப்பு பெரிது, ஆனால் அது நூலாகாது.

இதில் நியாயத்தின் பக்கமும் ஒன்று உண்டு. சீகலும் ஷூஸ்டரும் வறுமையில் இருக்கிறார்கள் என்ற செய்தி 1975-இல் வெளியானபோது, ஓவியர்கள் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலியோர் பொதுஜன அபிப்பிராயத்தைத் திரட்டியதால், சூப்பர்மேனின் உரிமையை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனம் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த ‘உருவாக்கியவர்கள்’ என்ற பெயரும் அளித்தது. டானரின் படத்திலேயே அவர்கள் பெயர் திரையில் வருகிறது. அந்தப் பெயரைத் திரையில் காட்டிய படத்தை எடுத்தவர் பெயரே அடுத்த படத்தில் மறைந்ததும், அதுவும் ரசிகர்களின் வற்புறுத்தலாலேயே மீண்டதும் விசித்திரமான விதி. ஜாக் ஸ்னைடரின் ‘ஜஸ்டிஸ் லீக்’ 2021-இல் நான்கு மணி நேரப் படமாக மறுபிறவி எடுத்ததற்கும் இதுவே முன்மாதிரி. ஆனால் அங்கே புதிதாகப் பணம் போட்டுப் புதுக் காட்சிகளும் எடுத்தார்கள் என்பதால், அதைப் பழம்பிரதி மீட்பு என்று சொல்வதைவிட விண்ணப்பத்தின் மேல் நடந்த மறு தயாரிப்பு என்று சொல்வதே தகும்.

ஆனால் ஆசிரியருக்கு உரிமை மீளுவதும் எப்போதும் நன்மையாவதில்லை. பழைய படங்களுக்கு வர்ணம் பூசுவதைக் கண்டித்து 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சி சொன்ன ஜார்ஜ் லூகாஸ், 1997-இல் தம்முடைய ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களைத் தாமே மாற்றி, அதன்பின் மாற்றிய வடிவத்தையே வழக்கத்தில் விட்டார். முந்தைய வடிவம் 2006-இல் டிவிடியில் ஒருமுறை வந்தபோதும், பழைய லேசர் தகட்டுக்குச் செய்த பிரதியிலிருந்து, தரக்குறைவாகவே வந்தது. டானர் தொகுப்பை வெளியிட்டவர்கள் லெஸ்டரின் படத்தை அழித்துவிடாமல் இரண்டையும் விற்றது இதனால்தான் பாராட்டத்தக்கது. மூன்று மணி நேரத் தொலைக்காட்சி வடிவத்தைக்கூட 2017-இல் ப்ளூ-ரேயாகப் போட்டார்கள். அதே ஆண்டில் முதற்பாகம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது.

இப்போது வீட்டுத் திரை வேறொரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறோம். படம் எங்கிருந்தோ வருகிறது. நம் அலமாரியில் ஒன்றும் இல்லை. சௌகரியத்தில் இதற்கு இணை கிடையாது. ஆனால் 2023-இல் ‘ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ என்ற 1971-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து, இனத்தை இழிவுபடுத்தும் சொல் வரும் ஒரு சிறு பகுதி சந்தாத் தளத்தில் அறிவிப்பின்றிக் காணாமற்போனபோது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பழைய பிரதியை அறிந்த ரசிகர்களே. அந்தச் சொல் நல்ல சொல் அன்று. எனினும் அது அங்கே இருந்தது என்பது சரித்திரம். பழைய பிரதி யாரிடமும் இல்லாத காலம் வருமானால், எதை நீக்கினார்கள் என்று கேட்பாரும் இருக்க மாட்டார்கள். கொட்டகையில் ஒருமுறை பார்த்துவிட்டு ஞாபகத்தை மாத்திரம் சாட்சிக்கு அழைத்த பழைய ரசிகனின் நிலைமைக்கே நாம் திரும்பிவிடுவோம்.

இரண்டு வடிவங்களையும் பார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு யோசனை. முதலில் 1978-ஆம் ஆண்டுப் படத்தையும், அடுத்து லெஸ்டரின் இரண்டாம் பாகத்தையும், அது உலகத்தார் பார்த்துக் கைதட்டிய படம் என்ற மரியாதையோடு பாருங்கள். சில நாள் கழித்து டானர் தொகுப்பைப் போட்டு, ஹேக்மனின் முகத்தையும் கிடரின் கன்னத்தையும் கவனித்துக்கொண்டே, எந்தக் காட்சி யாருடையது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கூடுமானால் இரண்டையும் தகடாகவே வாங்கி வையுங்கள்.